எட்டுல, எட்டல

மார்ச் 4, செவ்வாய்

மறுபடியும் எட்டு.

காலையில் போனைத் திறந்தால் முதல் புகாரே அதுதான். "8-ல சார்ஜ் போட முடியல. கேபிள் வரல." போன செவ்வாயும் அச்சு அசல் இதே வரிதான் வந்தது, போய்ப் பார்த்துப் பழுது இல்லை என்று எழுதிவிட்டு வந்தேன். அந்தக் கார் நிறுத்துமிடத்தில் மின்சாரக் கார்களுக்குப் பத்து சார்ஜர்கள் வரிசையாக நிற்கின்றன, பத்தும் நான் பொருத்தியவை. அதில் எட்டாம் நம்பர் என்னை ஒரு நாளும் படுத்தியதில்லை. இருந்தாலும் போனேன், ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு.

கேபிள் முனையில் உள்ள கன்னைத் தாங்கியிலிருந்து எடுத்தேன், வந்தது. கம்பெனி காரில் சொருகினேன், ஏறியது. திரை, கார்டு, பூட்டு எல்லாம் பார்த்தேன். அது பாட்டுக்குத் தேமே என்று நிற்கிறது. "பழுது இல்லை" என்று எழுதி மூடினேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஆரம்பித்தேன். இவள் இந்த நோட்டை எடுத்து நீட்டினாள். "எங்கிட்ட கத்தறதை இதுல கத்துங்க. இதுக்குக் காது கிடையாது." ஆறு மாதம் முன்னால் பிரஷர் மாத்திரையோடு சேர்த்து டாக்டர் சொன்ன வைத்தியம் இது. நோட்டு பாதி தீர்ந்துவிட்டது, பிரஷர் அப்படியேதான் இருக்கிறது.

மார்ச் 5, புதன்

இரண்டாம் நம்பரில் திரை விரிசல். ஆறாம் நம்பர் ஒருவரின் கார்டை விழுங்கிவிட்டது. இதெல்லாம் நியாயமான பழுது. நிம்மதியாக வேலை பார்த்தேன்.

மார்ச் 7, வெள்ளி

எட்டு. மூன்றாவது தடவை. கன் வந்தது, சார்ஜ் ஏறியது, பழுது இல்லை.

வாசலில் நின்றபடியே புகார் எடுக்கும் பெண்ணுக்குப் போன் போட்டேன். போன் தங்கச்சி என்றுதான் நான் கூப்பிடுவது. முகம் பார்த்தது ஒரு தடவையோ இரண்டு தடவையோ.

"அதே அம்மாதான் அண்ணே. குரலே எனக்கு மனப்பாடம். ரொம்பக் கோபமாப் பேசறாங்க."

"காரை ஓட்டத் தெரியுது, கன்னை எடுக்கத் தெரியாதா?"

"எனக்கென்ன அண்ணே தெரியும். அவங்க சொல்றதை அடிக்கிறேன். ஒரு நிமிஷத்துல முடிக்கணும், கட்டத்துல நாப்பது எழுத்துதான் பிடிக்கும்."

எட்டாம் நம்பர் அம்மா என்று பேர் வைத்துவிட்டேன். ஆபீசில் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. "முப்பது நாளுக்குள்ள ஒரே மெஷின்ல நாலு பழுது உறுதியானா கழட்டி மறுபடி பொருத்தணும், ஞாபகம் இருக்கா?" என்றார். பழுதே இல்லை, அப்புறம் எங்கே உறுதியாவது என்றேன்.

அவர் ஏப்ரலில் தலைமை ஆபீசுக்குப் போகிறார். அவர் நாற்காலி எனக்கா, கூட வேலை பார்க்கிற, எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டு திரியும் அந்தச் 'சிரிச்ச முகத்துக்கா' என்பதுதான் இப்போது பேச்சு. யார் புகாரைச் சீக்கிரம் மூடுகிறார்கள் என்று பார்ப்பார்களாம். பதினாறு வருஷமாக வெயிலில் நிற்கிறேன். ஒரு நாற்காலி கேட்பது பேராசையா?

மார்ச் 11, செவ்வாய்

நாலாவது. இந்தத் தடவை கட்டத்தில் "8 8 சார்ஜ் போட முடியல" என்று இருந்தது. இரண்டு எட்டு. அழுத்திச் சொன்னாராம்.

போய்ப் பார்த்தேன். பழுது இல்லை. நாலாவது தடவையும் பழுது இல்லை என்றால் கீழே இன்னொரு கட்டம் திறக்கும், 'வீண் புகார்' என்று. அதில் டிக் போட்டால் புகார் செய்தவரின் கார்டு முப்பது நாள் நிற்கும். எங்கள் கம்பெனியின் எந்தச் சார்ஜரும் அவருக்குத் திறக்காது. போடாமலும் விடலாம், மெக்கானிக் விருப்பம்.

போட்டேன். இனிமேல் வேறு யாரையாவது போய்ப் படுத்தட்டும்.

மார்ச் 13, வியாழன்

இரண்டு நாளாக எட்டு அமைதி. நானும்.

மார்ச் 16, ஞாயிறு

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஹாலில் உட்கார்ந்து சூப்பர்வைசர் கேட்ட அறிக்கையை எழுதிக்கொண்டிருந்தேன். எட்டில் ஏன் நாலு புகார் என்று அரைப் பக்கம் வேண்டுமாம். இவள் துடைப்பமும் துணியுமாக ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, சுவர்ல மாட்டியிருக்கற அந்த லெட்டரைக் கொஞ்சம் கழட்டித் தாங்க. எட்டல."

"எட்டுல என்ன?" என்றேன், தலையைத் தூக்காமல்.

"எட்டுல ஒண்ணும் இல்ல. எட்டல, எனக்கு எட்டல. உங்க உயரத்துக்கு ஆணி அடிச்சு வெச்சா மனுசங்க எப்படி எடுக்கறது? ரெண்டு வருஷமா அதுல நான் தூசியே தட்டல."

ஆபீசில் என்னை ஒட்டகம் என்பார்கள், ஆறடி மூன்றங்குலம். இவள் என் மார்புக்கு வருவாள். சிரித்துக்கொண்டே எழுந்து சட்டத்தைக் கழற்றப் போனேன். கை ஆணிமேல் இருக்கும்போது மனசில் சுருக்கென்றது.

எட்டல. சார்ஜ் போட முடியல. கேபிள் வரல.

கையில் இருந்த கடிதத்தைப் படித்தேன். இரண்டு வருஷம் முன்னால் ஒரு கார் பின்னால் வந்து மூன்றாம் நம்பரை இடித்துச் சாய்த்தது. அப்போது நான்தான் யோசனை சொன்னேன்: பத்து மெஷினையும் சிமெண்ட் மேடைமேல் ஏற்றி, மேடைக்கு முன்னால் இரண்டிரண்டு இரும்புத் தூண் நடலாம் என்று. அதற்குக் கம்பெனி கொடுத்த கடிதம் இது: "எந்த வண்டியும் மெஷினை நெருங்க முடியாதபடி அமைத்த தங்கள் சமயோசிதத்தைப் பாராட்டுகிறோம்." திரையையும் கன்னையும் எந்த உயரத்தில் வைப்பது என்று என்னைத்தான் கேட்டார்கள். நான் நேராக நின்று என் கண்ணுக்கு நேரே கோடு போட்டுக் கொடுத்தேன்.

எட்டல. யோசித்துப் பார்க்கிறேன், இந்தச் சொல் என் வாயில் வந்ததே இல்லை. எனக்கு எட்டாதது எது? பஸ்ஸில் கம்பி, கடையில் மேல் தட்டு, மரத்தில் பட்டம், எல்லாம் எட்டும். அதனால்தான் காதிலும் விழவில்லையா?

ஒருவேளை நானாகக் கற்பனை செய்கிறேனோ. நாளைக்குப் பதிவைக் கேட்டால் தெரிந்துவிடும். தப்பாக இருந்தால் நல்லது.

மார்ச் 17, திங்கள்

தப்பில்லை.

போன் தங்கச்சி நாலு பதிவையும் போட்டுக் காட்டினாள். முதலாவதில் குரல் நிதானமாகத்தான் இருக்கிறது. "எட்டல, சார்ஜ் போட முடியல. கேபிள் வரைக்கும் கை வரல." போன் தங்கச்சி அடித்தது: 8-ல சார்ஜ் போட முடியல, கேபிள் வரல. மூன்றாவதில் "எந்த மெஷின்மா, எட்டுதானே?" என்று தங்கச்சி கேட்கிறாள். "எந்த மெஷினும்தாங்க" என்று ஆரம்பிக்கிறார், அதற்குள் ஒரு நிமிஷம் முடிந்து கட்டாகிவிட்டது. நாலாவதில் "எத்தனை தடவை சொல்றது, எட்டல, எட்டல." அதுதான் இரண்டு எட்டு.

போன் தங்கச்சியின் முகம் வெளுத்துவிட்டது. "என் வேலை போயிடுமா அண்ணே?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு இருநூறு குரல் கேட்கிறவள்.

"உனக்கு ஒரு எழுத்துதான் தவறிச்சு. நான் நாலு தடவை அங்கேயே போய் நின்னு பாத்துட்டு வந்தவன்," என்றேன். சமாதானத்துக்குச் சொல்லவில்லை. உண்மையே அதுதான்.

நம்பரைக் கொடுக்க அவளுக்கு அனுமதி இல்லை. அவளே கூப்பிட்டுப் பேசினாள். "பாக்கறதுன்னா வந்து பாக்கட்டும். புதன்கிழமை காலையில ஏழரை" என்று சொன்னாராம்.

பதினொன்றாம் தேதி எழுதியதை மறுபடி ஒரு தடவை படித்தேன். 'வேறு யாரையாவது போய்ப் படுத்தட்டும்.' இதையும் நான்தான் எழுதினேன்.

மார்ச் 19, புதன்

ஏழுக்கே போய் நின்றேன். ஏழு இருபத்தைந்துக்குக் கார் வந்து எட்டின் முன்னால் நின்றது. ஓட்டுகிற பக்கத்துக் கதவு திறந்தது, ஆள் இறங்கவில்லை. பின்சீட்டிலிருந்து ஒரு சக்கரம் வெளியே வந்தது. அப்புறம் இன்னொரு சக்கரம், அப்புறம் மடித்த நாற்காலி. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்து மாட்டினார். நாற்பது வயது இருக்கும். காதுக்கு மேலே பென்சில்.

ஓடிப் போய்க் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க. பாருங்க, அது போதும். நாலு தடவை பாக்காததைப் பாக்கத்தானே வந்திருக்கீங்க." அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கதானா அந்தப் 'பழுது இல்லை'?"

ஒவ்வொரு தடவையும் நான் மூடும்போது அவருக்கு ஒரு செய்தி போயிருக்கிறது, 'பழுது இல்லை' என்று. நான் அவருக்குப் பேர் வைத்த மாதிரி அவரும் எனக்குப் பேர் வைத்திருக்கிறார்.

காரிலிருந்து நாற்காலிக்கு மாறி மெஷினைப் பார்க்க உருட்டிக்கொண்டு போனார். இரண்டு தூண்களுக்கு நடுவே நாற்காலி நுழையவில்லை. சுற்றிப் பக்கவாட்டில் வந்தார். முன் சக்கரம் மேடையில் முட்டி நின்றது. ஒரு கையால் பிடியை இறுக்கிக்கொண்டு மற்றக் கையை நீட்டி, உடம்பை முழுக்கச் சாய்த்து எம்பினார். கன்னுக்கும் விரலுக்கும் நடுவே நாலு விரற்கடை. அவ்வளவுதான். நாலே விரற்கடை.

அப்படியே ஐந்து நொடி கையை நீட்டியபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதைத்தான் சொன்னேன். எட்டல."

மறைக்க மனசு வரவில்லை, சொல்லிவிட்டேன். எட்டு என்று காதில் விழுந்த கதையையும் சொன்னேன். மேடையும் தூணும் என் யோசனை, திரையின் உயரம் என் உயரம், வீண் புகார் என்று டிக் போட்டதும் நான்தான். எல்லாம்.

கையை இறக்கி, நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அப்புறம், "நான் என்ன வேலை பாக்கறேன் தெரியுமா?" என்றார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் காது கேட்கிறதா என்று பரிசோதிக்கிறவராம். முன்சீட்டில் இருந்த பெட்டியைக் காட்டினார். "ஊர்ல உள்ள பிள்ளைங்களுக்கு எல்லாம் பண்றேன். முதல்ல உங்க கம்பெனிக்குல்ல பண்ணியிருக்கணும்."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் சிரிக்கவில்லை.

என் சர்வீஸ் கார்டைப் போட்டு நானே சொருகினேன். ஏறி முடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம், அதாவது அவர் பேசினார். வீட்டில் கார் தெருவில்தான் நிற்கிறது, வீட்டு ஓனர் ஒயர் இழுக்க விடமாட்டார். முன்பு ஒரு பெட்ரோல் பங்கில் ஆள் சொருகிக் கொடுப்பார்களாம். அந்த மெஷின் நாலு மாதமாகச் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. மிச்சம் இந்த இடம்தான். இங்கே காலையில் யாரும் இருப்பதில்லை. இருந்தால் யாரையாவது கூப்பிட வேண்டும். ஒரு நாள் ஒருவரைப் பார்த்து "ஒரு நிமிஷம்" என்று கையைத் தூக்கினாராம். அந்த ஆள் கையில் சில்லறையை வைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டாராம்.

"வீல்சேர்னு ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருந்தா..." என்று இழுத்தேன்.

"முதல்ல நடக்க முடியாதுன்னு சொல்லி, அப்புறம் பேரைச் சொல்லி, அப்புறம் என்ன வேணும்னு சொல்லணுமா? எட்டலன்னா எட்டல. போன்ல பேசின உங்க ஆள் எவ்வளவு உயரம்னு நான் கேட்டேனா?"

இந்த மாதத்துக்குள் பதினொரு பள்ளி முடிக்க வேண்டும், மூன்றுதான் முடிந்திருக்கிறது. கார்டு நின்றபிறகு நாலு பள்ளியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். மிச்சமும் முடியாவிட்டால் அடுத்த வருஷம் இவரைக் கூப்பிட மாட்டார்கள். "வண்டி ஓடாத ஆளுக்கு எதுக்கு வேலைன்னு கேப்பாங்க. நியாயம்தானே?" என்றார். நியாயமா அது?

வீட்டுக்கு வந்து இவளிடம் கத்தவில்லை. இவள்தான் பயந்து, மாத்திரை போட்டீர்களா என்று இரண்டு தடவை கேட்டாள்.

மார்ச் 20, வியாழன்

கார்டை விடுவிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். நிறுத்த ஒரு நொடி, திறக்க மூன்று வேலை நாள். காலை ஏழுக்குப் போய்ச் சொருகிக் கொடுத்தேன்.

மார்ச் 21, வெள்ளி

ஏழுக்குப் போனேன். சொருகினேன். புண்ணியம் செய்கிற மாதிரி ஒரு நினைப்பு. கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 24, திங்கள்

அந்த நினைப்பில் மண் விழுந்தது.

"நாளையிலேர்ந்து வராதீங்க," என்றார் அந்த அம்மா. கன்னும் கையுமாகத் திரும்பினேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நல்ல மனுசர்தான் நீங்க. ஆனா உங்களுக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தா என் பள்ளிக்கூடத்துக்கு லீவா? எனக்கு ஆள் வேண்டாம் சார். மெஷின் வேணும்."

கார்டு இன்றைக்குத் திறந்துவிட்டது. ஆனால் திறந்து என்ன பண்ண? கைக்கு எட்டாத கன்னுக்குக் கார்டு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

ஒரு பக்கம் கோபம் வந்தது. இத்தனை செய்கிறேன், இப்படிப் பேசுகிறாரே என்று. வீடு வரும்வரை இருந்தது. படி ஏறும்போது போய்விட்டது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

மார்ச் 25, செவ்வாய்

சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். முழுக்கக் கேட்டார். கல்மனசுக்காரர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்த மேடையை இடிக்கணும்னு நானும் எழுதறேன். ஆனா அது கட்டட வேலை. இந்த வருஷக் கணக்குல கிடையாது. அடுத்த வருஷம் கேட்டுப் பாக்கலாம்," என்றார்.

"பழுதுன்னு போட்டு உடனே பண்ண முடியாதா?"

பழுதுப் பட்டியலை எடுத்து என் பக்கம் தள்ளினார். இருபத்தேழு வகைப் பழுது இருக்கிறது. "மனுசனுக்கு எட்டலைங்கறது இதுல எங்கப்பா இருக்கு? எந்தக் கட்டத்துல நான் டிக் போடுவேன்?"

எனக்கும் தெரியவில்லை. பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 26, புதன்

பதினொன்று!

பதினாறு வருஷமாகப் பார்க்கிற பட்டியல். இன்று காலை டீயை ஆற்றிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பதினொன்றாம் பழுது: 'வாடிக்கையாளரால் கன்னை எடுக்க முடியவில்லை.' பூட்டு இறுகிக்கொண்டால் போடுவது, எல்லோரும் அதற்குத்தான் போடுவோம். ஆனால் பூட்டு என்று அதில் எங்கே எழுதியிருக்கிறது? வாடிக்கையாளரால் கன்னை எடுக்க முடியவில்லை. நாலு தடவையும் முடியவில்லையே. அதைவிட வேறு என்ன பழுது வேண்டும்?

இன்னொன்றும் தோன்றியது. கேட்டவள் தப்பாகக் கேட்டதில், நாலு புகாரும் எட்டாம் நம்பர் தலையில் விழுந்திருக்கிறது. அந்த அம்மா சொன்னபடி 'எந்த மெஷினும்' என்று எழுதியிருந்தால் அது எந்த மெஷினின் பழுதும் ஆகியிருக்காது. இப்போது நாலும் ஒரே மெஷினில், முப்பது நாளுக்குள். உறுதியானால் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். சட்டமே அதுதான்.

உறுதி செய்ய வேண்டியவன் யார்? நான்.

ஆனால் நாலு தடவை போய், நாலு தடவையும் தப்பாகப் பார்த்தேன் என்று என் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். ஏப்ரல் நாற்காலி அதோடு சரி.

மதியம் வரை எழுதவில்லை. அங்கே இங்கே நடந்தேன். இவளுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அந்த நாற்காலில உக்காந்தா உங்களுக்கு முட்டி இடிக்கும்," என்றாள்.

நாலு அறிக்கையிலும் 'பழுது இல்லை'யை அடித்து 'பழுது 11' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வீண் புகார் டிக்கையும் எடுத்தேன். காரணம் என்ற கட்டத்தில்: மெக்கானிக் சரியாகப் பார்க்கவில்லை. போன் தங்கச்சி பேரை எங்கேயும் இழுக்கவில்லை.

மார்ச் 27, வியாழன்

சூப்பர்வைசர் கூப்பிட்டார். நாலு தாளும் மேஜைமேல் கிடந்தன.

"பதினொண்ணுன்னா பூட்டுல்ல?"

"கன்னை எடுக்க முடியலன்னுதான் சார் போட்டிருக்கு. ஏன், யாராலன்னு கேக்க அதுல கட்டம் இல்ல."

நாலு தாளையும் ஒன்றாக அடுக்கினார். "இதை நான் மேலே அனுப்பினா உன் ஃபைல்ல ஏறிடும். திருப்பி எடுத்துக்கறியா? நான் பாக்கலன்னு வெச்சுக்கறேன்."

வேண்டாம் சார் என்றேன். அவர் ரப்பர் முத்திரையை எடுத்து நாலிலும் குத்தினார். நாலாவதைக் குத்திவிட்டு, "ஒட்டகம்னு சும்மாவா பேர் வெச்சானுங்க," என்றார். திட்டினாரா பாராட்டினாரா, இன்னமும் புரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அந்த அம்மா மாதக் கடைசிக்குள் மூன்று பள்ளி முடித்தாராம், தன் தங்கை வீட்டுக்காரரைத் தினமும் வந்து சொருகச் சொல்லி, அவர் முணுமுணுப்பையும் கேட்டுக்கொண்டு. மொத்தம் ஆறு. போனது போனதுதான். அடுத்த வருஷம் கூப்பிடுவார்களா என்று ஜூனில் தெரியும்.

எட்டைக் கழற்ற உத்தரவு வந்துவிட்டது. 'மறுபடி பொருத்தும் முறை: மெக்கானிக் முடிவு' என்று எழுதியிருக்கிறது. என் முடிவு!

ஏப்ரல் 3, வியாழன்

இவளைச் சாப்பாட்டு மேஜை நாற்காலியில் உட்காரவைத்தேன். சுவரில் சாக்பீஸ் கோடு போட்டேன். "காலை ஊன்றக் கூடாது. எம்பக் கூடாது. கையை நீட்டு."

"கட்டின நாள்லேர்ந்து இன்னிக்குத்தான் என் உயரத்தை அளக்கறீங்க," என்றாள். "சம்பளம் உண்டா இதுக்கு?"

திரைக்கு ஒரு கோடு, கன்னுக்கு ஒரு கோடு. கன்னின் கனத்துக்காக இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கையிலிருந்து நழுவவிட்டாள், தரையில் சில்லு பெயர்ந்துவிட்டது. அப்புறம் அந்த அம்மாவுக்குப் போன் போட்டு அளவுகளைச் சொன்னேன். கன் கோட்டை மூன்று விரற்கடை இறக்கச் சொன்னார். தூணுக்கு நடுவே எவ்வளவு வேண்டும் என்று கேட்டதற்கு, "என் நாற்காலிக்கு மட்டும் அளக்காதீங்க, பெரிய நாற்காலிக்காரங்களும் வருவாங்க," என்றார். இதுவும் எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

ஏப்ரல் 9, புதன்

எட்டின் மேடையை உடைத்தோம். என் யோசனையை நானே கடப்பாரையால் இடித்தேன். கெட்டியாகத்தான் கட்டியிருக்கிறேன், பாவி.

ஏப்ரல் 11, வெள்ளி

எட்டு இப்போது தரையோடு தரையாக நிற்கிறது. மற்ற ஒன்பது பேருக்கு நடுவே கூன் விழுந்த மாதிரி தெரிகிறது. பார்த்தவர்கள் எல்லோரும் ஏன் இப்படி என்று கேட்கிறார்கள். மற்றதையும் இறக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வருஷமாம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

நாற்காலி சிரிச்ச முகத்துக்கு. வாழ்த்தினேன். வலிக்கவில்லை என்று எழுதினால் இந்த நோட்டே என்னைப் பார்த்துச் சிரிக்கும்.

ஏப்ரல் 20, ஞாயிறு

கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். ஆணியைப் பிடுங்கி இவள் தோள் உயரத்தில் அடித்தேன். இப்போது அதில் சாவி தொங்குகிறது.

ஏப்ரல் 25, வெள்ளி

மதியம் டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைக்கவில்லை, போன். புகார்: "8-ல சார்ஜ் போட முடியல."

டப்பாவை மூடினேன். போன் தங்கச்சியைக் கூப்பிட்டேன். "எட்டுலயா, எட்டலயா?"

"எட்டுல, எட்டுல! நானும் பயந்துபோய் நம்பரா, கையான்னு ரெண்டு தடவை கேட்டேன் அண்ணே. நம்பர்தான், காதுல என்ன பஞ்சான்னு திட்டினாங்க."

போனேன். எட்டின் முன்னால் ஒரு பெட்ரோல் கார். காரின் சொந்தக்காரர் இரண்டு கையிலும் கடைப் பையோடு நிற்கிறார். அந்த அம்மா நாற்காலியை அவர் காரின் கதவோடு ஒட்டி நிறுத்திக்கொண்டு விளாசுகிறார். "உங்க வண்டி இதுலேர்ந்து என்ன குடிக்கப் போகுது? இந்த வரிசையில எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணு. அதையும் வந்து அடைச்சுக்கிட்டு நிக்கறீங்க." அந்த மனிதர், அஞ்சு நிமிஷம்தானேம்மா என்கிறார். அந்த அஞ்சு நிமிஷத்தை வைத்து இன்னொரு ரவுண்டு வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நான் கிட்டே போனேன். திரும்பிப் பார்த்தார். "பழுது இல்லை சார், நீங்க எதுக்கு இதுக்கெல்லாம்? சாப்பிடப் போங்க. இவரை நான் பாத்துக்கறேன்."

கார் போனது. அவர் தன் காரைக் கொண்டுவந்து விட்டார், இறங்கினார், தூணுக்கு நடுவே உருட்டிக்கொண்டு போனார். கார்டைத் தட்டினார். கன்னை எடுத்தார், சொருகினார். நான் இரண்டு கையையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நின்றேன். அவர் பெட்டியைத் திறந்து யாரோ பிள்ளைகளின் காது அறிக்கையை எழுத ஆரம்பித்துவிட்டார். நான் நிற்பதையே மறந்துவிட்டார்.

அவர் கிளம்பினபிறகு எட்டின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கையை மட்டும் நீட்டி, கன்னை ஒரு தடவை எடுத்து வைத்தேன். அப்புறம் அறிக்கையைத் திறந்து எழுதினேன்: எட்டு. பழுது இல்லை.